ஒன்பது மணிக்குப் பிறகு

சுவரில் வெள்ளைத்தாளை ஒட்டும்போதே
என்ன எழுதப்போகிறேன் என்று தெரிந்திருந்தது.
பதினோரு வருடமாக இதுதான் என் வேலை.
மடியில் போன வருடத்துத் திட்டம்:
ஆர்விட் கின்னுனென், வயது நாற்பத்தொன்று.
இலக்கு ஒன்று, பத்துக்கு எட்டு முறை
நினைவூட்டாமல் பல் துலக்க வாய் திறப்பார்.
இலக்கு இரண்டு, கூட்டு நடவடிக்கைகளில் பங்கேற்பார்.
தேதியை மட்டும் மாற்றினால் போதும்.

துலூத் நகரம். நவம்பர்.
சன்னலுக்கு வெளியே
ஏரி இருந்த இடத்தில் மூடுபனி.
மேசையைச் சுற்றி ஏழு பேர்.
இல்ல மேலாளர், மாவட்ட அலுவலர்,
உடற்பயிற்சி பார்ப்பவர், பேச்சுப் பயிற்சியாளர்,
ஏலக்காய் ரொட்டி சுட்டுவந்த அக்கா ஹெல்வி,
நான்.
ஏழாவது ஆள் ஆர்விட்.

அவன் சமர்த்து என்றார்கள்.
அவனுக்குக் கோழி சூப் பிடிக்கும் என்றார்கள்.
வெளியூர் போனவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி
அவர் முன்னாலேயே.

பயிற்சியாளர் கண்ணாடிப் பலகையைத் தூக்கிப் பிடித்தார்.
எழுத்து எழுத்தாய்க் கண்ணால் தொட்டுத்தான்
அவர் பேசுவார்.
முதலில் சொன்னது:
ஹெல்வி வெளியே.

யாரும் மூச்சு விடவில்லை.
ஹெல்வி கோட்டை எடுத்துக்கொண்டார்,
ரொட்டியை வைத்துவிட்டுப் போனார்.
கதவுக் கண்ணாடியில் அவர் தோள் கொஞ்ச நேரம் தெரிந்தது.

அடுத்தது ஐந்தெழுத்து. நான்கு நிமிடம்.
இரவு.

இரவில் வலிக்கிறதா?
தூக்கம் வரவில்லையா?
மாத்திரையை மாற்றிப் பார்க்கலாம் என்று
ஒருவர் குறித்தே விட்டார்.
ஆர்விட் கண்ணை மூடினார்.
மூடினால் இல்லை என்று அர்த்தம்.
திறந்தார். மறுபடி எழுத்துகள்.
கப்பல்.

தாது ஏற்ற வரும் கப்பல்கள் நடுராத்திரி
பாலத்தைக் கூப்பிடும். பாலம் பதில் கொடுத்து எழும்பும்.
பதினாறு வருடமாக
கட்டிலில் மல்லாந்து, கூரையைப் பார்த்தபடி,
அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.
எந்தக் கப்பலுக்கு எந்தக் குரல் என்றும் தெரியுமாம்.
ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும், தூக்கியும் வேண்டும்.
இரண்டாவது ஆள் ஒன்பதரைக்குப் போய்விடுவார்.
அதனால் ஆர்விட்டுக்கு ஒன்பதுக்குத் தூக்கம் வரும்
என்று எழுதிவைத்திருந்தோம்.
என் கையெழுத்துதான்.
அது அவர் தூக்கமில்லை,
யாரோ பிடிக்கவேண்டிய கடைசி பஸ்.

குளிர், என்றார் அலுவலர்.
சளி பிடித்தால்?
பிடிக்கட்டும், என்றது பலகை.
யார் கூட்டிப்போவது?
ரோஸ்கோ.

தாள்களைப் புரட்டினோம். அப்படி ஒரு பெயரே இல்லை.
செவ்வாய்க்கிழமை வேன் ஓட்டுகிறவர்.
அவரும் ஒரு கப்பல் பைத்தியம்.
எங்கள் கோப்புக்குத் தெரியாமல்
இந்த மனிதருக்கு ஒரு சிநேகிதர் இருந்திருக்கிறார்.

ஐந்து மாதம் ஆனது.
பணிநேரத்தை உடைத்து மாற்ற, காப்பீட்டுக்கு எழுத,
மறுத்தவர்களுக்கு மறுபடி எழுத.
அதற்குள் ஏரி உறைந்து, ஏப்ரலில் விட்டது.

ஒன்று நாற்பதுக்கு வரவேண்டிய கப்பல்
வரவில்லை.
இரண்டரைக்கு ரோஸ்கோ கேட்டார், போகலாமா?
கண் மூடியது.
மூன்றேகாலுக்கும் மூடியது.
நாலு மணிக்கு வீடு. கப்பல் இல்லை, சளி உண்டு.
மறுநாள் மதியம் வரை தூங்கி
கூட்டு நடவடிக்கையைத் தவறவிட்டார்.

படிவம் கேட்கிறது:
இலக்கு எட்டப்பட்டதா, எத்தனை சதவீதம்?
பேனாவோடு போய் அவரையே கேட்டேன்.
இன்று ராத்திரியும், என்றார்.
அந்தக் கட்டத்தில் அதற்கு இடம் போதவில்லை,
ஓரத்தில் எழுதினேன்.

போன வாரம் ஹெல்வி தொலைபேசியில்.
திட்டுவார் என்றிருந்தேன்.
அந்த வேனில் இன்னொருவர் உட்கார இடம் உண்டா, என்றார்.
என்னைக் கேட்காதீர்கள், என்றேன்.

அவரிடம் கேட்டாயிற்று.
யோசித்துக்கொண்டிருக்கிறார்.